இறுதி அறிக்கைக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலில் இருக்கிறோம். என் கணவருக்கு 41 வயது. காலணித் தொழிற்சாலையில் 12 வருடமாகக் கிளிக்கிங் பிரஸ்ஸில் தோல் வெட்டுகிறார். கடந்த மார்ச்சில் பிரஸ் அவர் வலது கை மேல் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும், நடுவிரலில் நுனிக் கணுவும் போய்விட்டன. மோதிர விரலைத் தைத்துக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அது மடங்குவதே இல்லை. கம்பெனி ஒரு மாதம் சம்பளம் கொடுத்தது. அப்புறம் சிக் லீவ் தீர்ந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிறது. பிரஸ்ஸின் ஒரு பொத்தானை மரத்துண்டு வைத்து அடைத்து ஓட்டியது இவர் தப்பு, அதனால் இழப்பீடு கிடையாது என்கிறார்கள். 20,000 ரேண்ட் வாங்கிக்கொண்டு, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். புண் ஆறிவிட்டது, ஃபைனல் ரிப்போர்ட் எழுதிவிடலாம் என்கிறார் டாக்டர். இவர் கையைப் பாக்கெட்டை விட்டு எடுப்பதில்லை. கோயில் தீமிதிக்கு வருடா வருடம் போகிறவர் இந்த முறை போகவில்லை. சாப்பாடுகூட இடது கையில் ஸ்பூன்தான். சம்பளம் மாதம் 9,000 ரேண்ட். கேஸ் போடலாமா? வேலை போய்விடுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தத் தாளில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். ஒருவேளை இதற்குள் போட்டுவிட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். வேலையில் அடிபட்டவர் தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் இந்த நாட்டுச் சட்டப்படி செல்லாது. ஆனாலும் போடாமலிருப்பதே நல்லது. போட்டுவிட்டால், போகிற அலுவலகத்தில் எல்லாம் அந்தத் தாளைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. டர்பனில் கைக்காயங்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தொழிற்சாலைகளிலிருந்து வரும் கைகளைப் பார்ப்பதும், அவற்றுக்காக, வேலையில் அடிபட்டவர்களுக்குப் பணம் கொடுக்கும் அரசின் இழப்பீட்டு நிதிக்கு அறிக்கை எழுதுவதும் என் அன்றாட வேலை. அந்த வேலையில் எனக்குத் தெரிந்தவரை, உங்கள் கடிதத்தில் இருக்கிற பெரிய ஆபத்து கம்பெனி நீட்டுகிற தாள்கூட இல்லை. டாக்டர் எழுதப்போகிற அந்த ஃபைனல் ரிப்போர்ட்தான். அதற்கு வருகிறேன். முதலில் கம்பெனி சொல்வதைப் பார்த்துவிடுவோம்.

‘அவர் தப்பு, அதனால் பணம் கிடையாது’ என்பது தவறு. 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டம், அதாவது வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம், நம் ஊரில் இன்னும் வொர்க்மென்ஸ் காம்ப் என்று சொல்கிறார்களே, அது யார் தப்பு என்று பார்த்துக் கொடுக்கிற பணம் இல்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டாரா என்பதுதான் கேள்வி. விதியையோ முதலாளியின் உத்தரவையோ மீறிச் செய்திருந்தாலும், அதைக் கம்பெனி வேலைக்காகத்தான் செய்தார் என்றால் அது வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று சட்டமே சொல்கிறது. வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுங்கீனம், உதாரணமாகக் குடித்துவிட்டு மெஷினில் நிற்பது, அது வேறு விஷயம். அதில்கூட ஊனம் பெரிதாக இருந்தால் இழப்பீட்டை மறுக்க முடியாது.

இப்போது அந்த மரத்துண்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று அந்த மெஷினைச் செய்திருப்பதற்கு ஒரே காரணம், இறங்குகிற நேரத்தில் இரண்டு கைகளும் வெளியே இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு பொத்தானை அடைத்துவிட்டால் ஒரு கை சும்மா கிடைக்கும். அந்தக் கை டையை, அதாவது தோலை வெட்டுகிற அச்சை, நகர்த்தும், தோலைத் திருப்பும், மணிக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக வெட்டலாம். யார் அந்தத் துண்டைச் செருகினார்கள், எத்தனை நாளாக இருந்தது, சூப்பர்வைசர் தினமும் அதைத் தாண்டித்தானே நடந்துபோனார், பக்கத்து மெஷின்களிலும் இருந்ததா, டார்கெட் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கணவரோடு வேலை செய்கிறவர்களிடம் பேசி, அவர்கள் பெயரையும் சொன்னதையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது போனில் படம் இருந்தால் வாங்கி வையுங்கள்.

இது எதற்கு என்றால், சாதாரண இழப்பீட்டுக்கு மேல் இன்னொன்று இருக்கிறது. முதலாளியின் கவனக்குறைவால், அல்லது அவர் சார்பில் வேலையைப் பார்த்துக்கொள்கிற ஃபோர்மேன் போன்றவரின் கவனக்குறைவால் விபத்து நடந்திருந்தால், அதே சட்டத்தின் 56ஆம் பிரிவில் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்ட மெஷினும் இதில் அடங்கும். விபத்து நடந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ‘மரத்துண்டு இருந்தது’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கணவருக்கு எதிராக அவர்கள் சொல்வது அவர்களுக்கே எதிராகத் திரும்பலாம்.

கேஸ் போடலாமா என்று கேட்டீர்கள். முதலாளி மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. 35ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் ஜூஸ்ட் வழக்கில் சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் இன்றைய நிலை அதுதான். வெளியாள் ஒருவரால், உதாரணமாக மெஷினைப் பராமரிக்க வந்த வேறு கம்பெனியால் விபத்து என்றால் மட்டும் அவர் மேல் வழக்கு உண்டு; அதற்கு வக்கீலைப் பாருங்கள். நிதியிடம் சாதாரண கோரிக்கை வைக்க வக்கீலும் தேவையில்லை, ஏஜென்ட்டும் தேவையில்லை. ‘இவ்வளவு சதவீதம் எனக்கு’ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

சம்பளம். இங்கேயும் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அல்லது அவர்களுக்கே தெரியவில்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாத வருமானத்தில் 75 சதவீதம் உங்கள் கணவருக்குச் சேர வேண்டும். முதல் மூன்று மாதம் அதை முதலாளி கொடுத்துவிட்டு, பிறகு நிதியிடம் திரும்ப வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் நிதி நேரடியாகக் கொடுக்கும். 9,000 ரேண்டில் 75 சதவீதம் 6,750. இழப்பீடு சேர வேண்டிய நாட்களைச் சிக் லீவில் கழிக்கவே கூடாது. ஆக, ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காததும் தப்பு, லீவைக் கழித்ததும் தப்பு. வருமானத்தைக் கணக்கிடும்போது வழக்கமாக வரும் ஓவர்டைமும் சேரும், எப்போதோ ஒரு நாள் செய்தது சேராது. கம்பெனி அனுப்பும் படிவத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிவிடுவது உண்டு. பே ஸ்லிப்புகளை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

அந்தப் படிவத்தின் பெயர் டபிள்யூ.சி.எல்.2. விபத்து தெரிந்த ஏழு நாளில் முதலாளி அதை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினாரா, கிளெயிம் நம்பர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் லேபர் சென்டருக்குப் போய், தொழிலாளி கொடுக்கும் டபிள்யூ.சி.எல்.3 படிவத்தை நீங்களே கொடுத்துவிடலாம். விபத்திலிருந்து 12 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிந்துவிடுவதுதான் பாதுகாப்பு. வரும் மார்ச் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். கம்பெனி நிதியில் பதிவே செய்யாமல் இருந்தாலும், பணம் கட்டாமல் இருந்தாலும், அதனால் உங்கள் உரிமை போகாது. அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், எக்ஸ்ரே, பே ஸ்லிப், வங்கி விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். எதையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சரி, ஃபைனல் ரிப்போர்ட். அதைப் படித்துத்தான் நிதி ஊனத்தின் சதவீதத்தைத் தீர்மானிக்கிறது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கையை விரல் விரலாக, கணு கணுவாகப் பிரித்து விலை போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் முழுதாகப் போனால் 25 சதவீத ஊனம். ஆள்காட்டி விரல் மூன்று கணுவும் போனால் 10, இரண்டு போனால் 8, ஒன்று போனால் 5. நடுவிரலுக்கு 8, 6, 4. மோதிர விரலுக்கு 6, 5, 3. சுண்டுவிரலுக்கு 4, 3, 2. மணிக்கட்டோடு கை போனால் 50. நிரந்தர ஊனம் 30 சதவீதம் என்றால் 15 மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைக்கும். அதற்குக் கீழே இருந்தால் அதே விகிதத்தில் குறையும். 30க்கு மேல் போனால் மாதாமாதம் பென்ஷன். அதாவது ஒரு சதவீதத்துக்கு அரை மாதச் சம்பளம். மேல் வரம்பும் கீழ் வரம்பும் உண்டு என்பதால் நான் கீழே சொல்வது தோராயக் கணக்குதான்.

உங்கள் கணவருக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, 8. நடுவிரலில் ஒன்று, 4. மொத்தம் 12. அப்படியென்றால் ஆறு மாதச் சம்பளம், 54,000 ரேண்ட். கம்பெனி நீட்டுகிற 20,000த்தை இதோடு வைத்துப் பாருங்கள். எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கும் வரட்டும்.

ஆனால் அந்த 12இல் மோதிர விரல் இல்லை. எக்ஸ்ரேயில் அந்த விரல் முழுதாக இருக்கிறது. எலும்பு இருக்கிறது, நகம் இருக்கிறது, தையல் ஆறிவிட்டது. ‘காயம் ஆறியது, இரண்டு விரல்கள் வெட்டுண்ட நிலை’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டால், நிதி அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு மடங்காத விரல் ஒன்று இருப்பதே தெரியப்போவதில்லை. அவர் கையைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். இருந்தும் பயன்படாத உறுப்பு, இழந்த உறுப்பாகவே கணக்கிடப்படும் என்பது சட்டத்தில் இருக்கிறது. பாதி பயன்பட்டால் அதற்கேற்பத் தீர்மானிக்கலாம். மோதிர விரல் முழுக்கப் பயனற்றது என்று தெரியவந்தால் இன்னும் 6 சேர்ந்து 18 ஆகும். ஒன்பது மாதச் சம்பளம், 81,000 ரேண்ட். அளந்து எழுதியிருந்தால்தான் கிடைக்கும்.

என்ன அளப்போம் என்று சொல்கிறேன், டாக்டரிடம் நீங்கள் கேட்க வசதியாக இருக்கும். ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நீள்கிறது, தானாக எவ்வளவு, நாம் பிடித்து மடக்கினால் எவ்வளவு. இறுக்கிப் பிடிக்கும் பலம், கிள்ளிப் பிடிக்கும் பலம், இரண்டு கைகளிலும். வெட்டுப்பட்ட நுனிகளில் தொடு உணர்ச்சி. நுனியைத் தட்டினால் ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறதா, ஏனென்றால் வெட்டுப்பட்ட நரம்பு நுனியில் முடிச்சு விழும், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. குளிரில் எப்படி இருக்கிறது. உங்கள் ஊர் ஜூலைக் காலையில் அந்த விரல்கள் நிறம் மாறி வலித்தால் அதையும் எழுத வேண்டும்.

பலத்தை அளக்கும்போது ஒரு விஷயம் தெரியும். பிடியைத் தாங்கும் நடு, மோதிர, சுண்டு விரல்களின் நுனிகளை மடக்குகிற தசை ஒன்றாகப் பிணைந்தது. மோதிர விரலின் நாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், தழும்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிட்டால், அடிபடாத சுண்டுவிரலும் முழுப் பலத்தோடு மடங்காது. மனிதர் முஷ்டி மடக்குகிறார். மோதிர விரல் விறைத்து நிற்கிறது. சுண்டுவிரல் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ‘சுண்டுவிரலில் ஒன்றும் இல்லையே, ஏன் பலமில்லை’ என்று அவரே ஆச்சரியப்படுவார். இதை அறிக்கையில் விளக்கி எழுதாவிட்டால், வேண்டுமென்றே அழுத்தாமல் நடிக்கிறார் என்று படிக்கிறவர் நினைக்கவும் கூடும்.

இன்னொன்றும் கேளுங்கள். தொழிலின் தன்மை காரணமாகக் காயத்தின் விளைவு வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தால், அட்டவணையைவிட அதிகச் சதவீதம் கொடுக்க 49ஆம் பிரிவில் இடமிருக்கிறது. தோலில் தழும்பும் சுருக்கமும் எங்கே என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, அதை ஒதுக்கி டையை வைக்கிற வேலை உங்கள் கணவருடையது. அந்த விரல் நுனிதான் போயிருக்கிறது. அவர் வேலையில் என்னென்ன செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதி டாக்டரிடம் கொடுங்கள், அறிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சிகிச்சை முடிந்துவிட்டதா? புண் ஆறுவது வேறு, கை தேறுவது வேறு. உங்கள் கடிதத்தில் தெரபிக்குப் போனதாக ஒரு வார்த்தையும் இல்லை. நான்கு மாதமாகப் பாக்கெட்டில் இருக்கிற கை இறுகிக்கொண்டேதான் போகும். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. பயிற்சியிலும், விரலைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட்டிலும் எவ்வளவு திரும்புகிறது என்று சில மாதம் பார்க்க வேண்டும். நாண் ஒட்டியே இருந்தால் அதைப் பிரித்துவிடுகிற ஆபரேஷன் ஒன்று உண்டு. தழும்பு மென்மையாகி, மூட்டுகள் பிடித்து மடக்கினாலாவது மடங்குகிற நிலைக்கு வந்த பிறகுதான் அதைச் செய்வார்கள். விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு நியாயமான மருத்துவச் செலவை நிதி ஏற்கிறது, மேலும் சிகிச்சை செய்தால் ஊனம் குறையும் என்றால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். எனவே டாக்டரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: ‘விரல் மடங்கவில்லை டாக்டர். ஃபைனல் வேண்டாம், இப்போதைக்கு ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் எழுதுங்கள். கை சர்ஜனிடமும் தெரபிக்கும் கடிதம் கொடுங்கள்.’ நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சதவீதம் அதிகமாக வேண்டும் என்பதற்காகப் பயிற்சி செய்யாமல் இருக்கலாமா என்று சிலர் மெதுவாகக் கேட்பதுண்டு. வேண்டாம். பணம் சில மாதச் சம்பளம்தான், கை அவருக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இருக்கிறது. தோல் முழுக்க மூடியிருந்தால், தழும்பின் மேல் சாதாரண எண்ணெயோ கிரீமோ தடவி, சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்க்கட்டும், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பிடித்து இழுத்து மடக்கிவிடுகிறேன் என்று யாரையும் விடாதீர்கள், தைத்த நாணுக்கு ஆபத்து. நுனி கூசினால் முதலில் பஞ்சு, அப்புறம் துண்டு, அப்புறம் ஒரு கிண்ணம் அரிசியில் கையை விட்டுத் துழாவுவது என்று பழக்க வேண்டும். ரொட்டிக்கு மாவு பிசைய அவரைக் கூப்பிடுங்கள், வெதுவெதுப்பான மாவு விறைத்த விரல்களுக்கு நல்லது.

அப்புறம் சாப்பாடு. என்னிடம் வருகிற நம்மவர்களிடம் நான் தட்டில் கொஞ்சம் பருப்புச் சோறு போட்டுக் கொடுத்துப் பிசையச் சொல்வதுண்டு. முதல் தடவை விரலிடுக்கில் சிந்தும். பலர் அதற்கு வெட்கப்பட்டுத்தான் ஸ்பூனுக்கு மாறுகிறார்கள். கட்டைவிரலையும் நடுவிரலின் மீதியையும் சேர்த்து, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உருண்டை நிற்கும். சோறு கொஞ்சம் குழைவாக இருக்கட்டும், ரசச் சோறு இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் எதிரிலேயே சாப்பிடட்டும்; தனியாக உட்கார வைக்காதீர்கள். அவர் கையை ஒளிப்பது வீம்பு இல்லை, துக்கம். தூக்கமில்லாமல், மெஷின் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். விபத்தால் வந்த மன பாதிப்புக்கும் சிகிச்சை கேட்கலாம்.

வேலை போய்விடுமா? அடிபட்டார் என்பதற்காக அப்படியே அனுப்பிவிட முடியாது. வேலையை மாற்றிக் கொடுக்க முடியுமா, மெஷினைத் திருத்த முடியுமா, வேறு இடம் இருக்கிறதா என்று முதலாளி தேடிப் பார்க்க வேண்டும். அவருடைய வேலையிலேயே அடிபட்டவர் என்னும்போது இந்தக் கடமை இன்னும் கனமானது. தோல் தரம் பிரிப்பது, செக்கிங், ஸ்டோர் என்று 12 வருட அனுபவம் உள்ளவருக்குக் காலணித் தொழிற்சாலையில் இடமா இல்லை. நீக்கிவிட்டால் 30 நாளில் புகார் பதிய வேண்டும், அதில் தாமதிக்காதீர்கள். தோல் தொழிலுக்கு முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்த தனிப் பேரவை (பார்கெய்னிங் கவுன்சில்) இருப்பதால் எங்கே பதிவது என்று யூனியனில் கேளுங்கள். அவர் நூலா, சாக்ட்வூ என்ற தொழிற்சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால், தொழிற்சாலையில் இருக்கும் யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டை லேபர் சென்டருக்கும் கூடவே அழைத்துப் போங்கள்.

அந்த ஷாப் ஸ்டூவர்டிடம் இதையும் கேளுங்கள்: பிரஸ் இப்போது எப்படி ஓடுகிறது? உறுப்பின் ஒரு பகுதி வெட்டுப்பட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் அனுமதியில்லாமல் விபத்து நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் பாதுகாப்புச் சட்டம். தெரிவித்தார்களா? கம்பெனி விசாரித்து எழுதிய விபத்துப் பதிவு எங்கே? 20 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும், அவர் அதைப் பார்க்கலாம். அந்த மரத்துண்டு இன்னும் அங்கேயே இருந்தால் வேறொருவர் கை அதன் கீழே இருக்கிறது. ஆய்வாளரிடம் சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

நிதியின் முடிவு வந்து, சதவீதம் குறைவு என்று பட்டால் 180 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பின்னாளில் கை மோசமானால் மறுபரிசீலனையும் கேட்கலாம். தேதிகளையெல்லாம் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தெரபிக்கு முதல் நாள் போகும்போது ஆபரேஷன் நோட்டின் நகல் கட்டாயம் வேண்டும். எந்த நாண், எந்த இடத்தில், எப்படித் தைத்தார்கள் என்று தெரியாமல் யாரும் அந்த விரலை மடக்கத் துணியக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய ஸ்பிளின்ட் வீட்டில் கிடந்தால் அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். அது மார்ச் மாதத்து வீங்கிய கைக்குச் செய்தது. இப்போதைய கைக்கு அளவெடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், அதன் செலவும் கோரிக்கையில் சேரும்.